மாஸ்டர் இறைச்சியைக் கைவிட்டது எப்படி

காபிக்குச் சோயாப் பால் ஒத்துவராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மேடம். மேடையில் வேறு மாதிரிதான் பேசுவேன். சோயாப் பால் பழகிவிட்டால் மற்றதை வாயில் வைக்கப் பிடிக்காது என்று சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அது காபியில் விழுந்ததும் திரிந்துபோய், மேலே தண்ணீரும் கீழே கசண்டுமாக நிற்கும். அதைத்தான் முகம் சுளிக்காமல் பல வருடமாகக் குடித்துவருகிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பொய்யே சொல்லாதவள் என்று நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. என் வாக்குமூலத்தை உங்கள் எழுத்தர் நிதானமாகவே தட்டச்சு செய்யட்டும். எழுத்துப்பிழை மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிழையோடு ஒரு வரியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

என்னை இந்தப் பகுதியில் இலை அக்கா என்பார்கள். பின்னால் கிண்டலாகவும் முன்னால் மரியாதையாகவும் சொல்வார்கள். பள்ளி நூலகர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, சமூகக் கூடத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறை ஆரம்பித்தேன். நடமாட முடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு வீடு தேடிப் போகும். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் அதில் இருக்காது. இதற்கு நனிசைவம் என்று பெயர். தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட நான்தான் கூட்டிப்போவேன். ரத்ததான முகாம் என்றால் முதல் கட்டிலில் நான்தான் படுப்பேன். எறும்பு சர்க்கரை டப்பாவில் ஏறினால் டப்பாவை எறும்புக்கே விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் பிரிந்துபோனதுகூட வெண்ணெய் விஷயத்தில்தான். இப்போது அவர் தங்கை வீட்டில் கன்னம் உப்பிப்போய் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் மனவலிமை ஒரே மாதிரி இருக்காது.

மாலை நேரத்தில் நான் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், கூலி கிடையாது. பூச்சிகளைப் பற்றி, பயறு வகைகளைப் பற்றி, யாரும் தேடாத ஏரிகளைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதியிருக்கிறேன். சந்திப்பிழை திருத்துவதே தனி சுகம். ‘நனிசைவம்’ என்ற கட்டுரையும் நான் வளர்த்ததுதான். அதில் ஒரே ஒரு குறை. கடைசியில் ‘புகழ்பெற்ற நனிசைவர்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து சொல்லும்படியாக ஒரு ஆள் அதில் இல்லை. வேறொரு நாட்டுக் குத்துச்சண்டைக்காரர் இருந்தார். அவர் பெயரையும் யாரோ சான்று இல்லை என்று தூக்கிவிட்டார்கள். தலைப்பு மட்டும் தனியாக நின்றது. பந்தி விரித்துவிட்டு ஆள் வராமல் காத்திருப்பதுபோல எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மாஸ்டரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு முழு ஆட்டுத் தொடையைக் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டிக்கொண்டே கதை சொல்வார். அந்தக் கை இந்தப் பக்கம் எத்தனை பேரை மாமிசம் தின்ன வைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மனைவி காலமாகி, மகள் தூர தேசத்தில் வேலையாக இருக்க, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மகள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அக்கா, நீங்க ஒருத்தர்தான் எனக்கு நம்பிக்கை” என்று அழுதாள். வீட்டுச் சாவியும் என் கைக்கு வந்தது.

முதல் நாள் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டர் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

“ஏம்மா, இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணியா?”

“ஓட்ஸ் கஞ்சி, மாஸ்டர்.”

“அதான் கேட்டேன்.”

ஆனால் சாப்பிட்டார். வேறு வழி இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சாப்பிட்டாரா இல்லையா என்பதுதான் எனக்குக் கணக்கு. நாள் போகப் போக, அவர் உடம்பில் எங்கள் சமையலறைப் பயறும் கீரையும் தவிர வேறு எதுவும் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு இடைஞ்சல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு மாலை, கலைக்களஞ்சியத்தில் மாஸ்டரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, சில வரிகளைச் செம்மைப்படுத்திவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘பிற்காலத்தில் இவர் இறைச்சியைக் கைவிட்டு நனிசைவரானார்.’

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பிற்காலம்தான். இறைச்சி சாப்பிடவில்லைதான். கைவிட்டது அவரா, அவரை அது கைவிட்டதா என்பது நுணுக்கமான விஷயம். கலைக்களஞ்சிய நடை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி.

உடனே ஒருவர் வந்து அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று முத்திரை குத்தினார். அங்கே எல்லோரும் புனைபெயரில்தான் இருப்போம். இவர் பெயர் தூண்டில். பெயரிலேயே வன்முறை. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் பணிவாகவே பதில் சொன்னேன். அவர் விடவில்லை. சான்று எங்கே, சான்று எங்கே என்று நச்சரித்தார். நியாயமான கேள்விதான். நானே மற்றவர்களை அப்படி எத்தனை முறை கேட்டிருப்பேன்.

சான்று தானாக வந்தது. ஒரு ஞாயிறு இணைப்பிதழின் நிருபர், பழைய பிரபலங்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தொடர் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வர அவருக்கு நேரமில்லை. கலைக்களஞ்சியத்தைப் பார்த்தே எழுதிவிட்டார். ‘கத்தியைக் கீழே வைத்த கறி மாஸ்டர்’ என்று அரைப்பக்கம், பழைய படத்தோடு. மறுநாள் அந்தக் கட்டுரையையே சான்றாகக் கொடுத்து முத்திரையை எடுத்தேன். தூண்டில் மறுபடி தகராறு செய்தார். வாழும் மனிதர் ஒருவரின் மேல் திரும்பத் திரும்ப அவதூறு செய்கிறார் என்று நிர்வாகிகளிடம் முறையிட்டேன். அவருடைய கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை. என் இத்தனை வருட உழைப்பு எனக்காகப் பேசியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், மேடம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து எங்கள் சமையலறையில் காய் நறுக்க நின்றார்கள். மாஸ்டரே விட்டுவிட்டார், நமக்கென்ன என்று கேட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக மாறினார்கள். பக்கத்துப் பகுதியிலும் ஒரு சமையலறை திறந்தோம். என் வாழ்நாள் முழுக்க மேடையில் கத்தி நான் ஆள் சேர்த்ததைவிட, அந்த ஒரு வரி சேர்த்தது அதிகம். எத்தனை கோழி, எத்தனை ஆடு உயிர் பிழைத்திருக்கும் என்று தூங்கப்போகும் முன் நினைத்துக்கொள்வேன். நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஒரே ஒரு ஆள்தான் இதைக் கெடுக்கக்கூடியவராக இருந்தார். அது மாஸ்டர்.

அவர் இறைச்சி கேட்பதை நிறுத்தவில்லை. காலையில் கேட்பார், மதியம் கேட்பார். ஒரு துண்டு போதும் என்பார். மெல்லக்கூட வேண்டாம், வாயில் வைத்துக்கொண்டு துப்பிவிடுகிறேன் என்பார். தட்டைத் தள்ளிவைத்து, “வேண்டாம்மா, எனக்கு இது வேண்டாம்” என்று குழந்தைபோல வாயை மூடிக்கொள்வார். இதை யாராவது காதில் வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இடைஞ்சல் என்றேன் அல்லவா, அது அவருடைய பழைய உதவியாளர். இவருக்கே நரைத்துவிட்டது, சொந்தமாகச் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆனாலும் மாஸ்டர் அவரைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார். வாராவாரம் பிளாஸ்கில் எலும்பு சூப்போடு வந்துவிடுவார். ஒரு ஞாயிறு அவரை வாசலிலேயே நிறுத்தினேன். மாஸ்டர் மனம் மாறிவிட்டார், அந்த வாசனை வந்தாலே கொன்ற உயிர்களை நினைத்து அழுகிறார், உங்களைப் பார்த்தால் பழசெல்லாம் ஞாபகம் வருகிறதாம், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்கிறார் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கைபேசியில் கலைக்களஞ்சியத்தைக் காட்டினேன். படித்தார். இரண்டாம் தரம் படித்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா அவர்” என்றார். பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த பிளாஸ்கில் இருந்த ஆட்டைப் பற்றியும் யாராவது பாவப்பட வேண்டாமா?

உள்ளே போனால் மாஸ்டர், “யாரு, சின்னவனா?” என்றார். காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்றேன்.

மாஸ்டரின் தொலைபேசியை நானே வைத்துக்கொண்டேன். காது மந்தம் என்பதால் மகள் பேசும்போது ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் நிற்பேன். ஒரு நாள் நான் எதிர்பார்த்தது நடந்தது.

“பாப்பா, எனக்குக் கறி வேணும். இந்தம்மா தரமாட்டேங்குது” என்றார் மாஸ்டர்.

மறுமுனையில் மகள் மெதுவாகச் சொன்னாள். “அப்பா, நீங்கதானப்பா கறிய விட்டீங்க. ஊரே படிச்சிருக்கு.”

“யாரு சொன்னா?”

“கலைக்களஞ்சியத்துல இருக்குப்பா. பேப்பர்லயும் வந்துது.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்துக் கேட்டார். “அதுல நான் எப்ப செத்தேன்னும் போட்டிருக்கா?”

“ஐயோ, இல்லப்பா.”

“அப்பச் சரி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கு.”

நல்ல நகைச்சுவை உணர்வு அவருக்கு. அதை நான் கட்டுரையிலும் குறிப்பிட்டிருக்கிறேன். ஆனால் மகள் பயந்துபோனாள். டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் நல்ல மனிதர், வேலை அதிகம் உள்ளவர். மறதி எந்த மாதிரி என்று என்னிடம் கேட்டார். தான் நனிசைவர் என்பதே மறந்துபோகிறது டாக்டர், இறைச்சி கேட்டு அடம்பிடிக்கிறார் என்றேன். அவரும் இணைப்பிதழ் படித்திருந்தார். அடடா என்று தலையாட்டினார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எதையும் விடவில்லை, எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது என்று சத்தியம் செய்தார். நோயின் அறிகுறியே அதுதான், நோயாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். மனது அமைதிப்பட மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரை உறையில் ஜெலட்டின் இருந்தது. விலங்கு எலும்பிலிருந்து எடுப்பது. அதை மாஸ்டர் வாயில் போட எனக்கு மனம் வருமா? வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, உறை இல்லாத வகையைத் தேடிப் பிடித்தேன். கஞ்சியில் பொடித்துக் கலந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிட ஆரம்பித்த நாட்களில் டாக்டர் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் கலந்தேன். நான் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டினேன். நடக்க முயன்று மறுபடி விழுந்துவைத்தால் யார் பார்ப்பது?

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கட்டுரையை அவருக்கே படித்துக்காட்டுவேன். இளமை, ஓட்டல் வாழ்க்கை, தொலைக்காட்சி, பிற்காலம். முதலில் பிற்காலம் வந்ததும் காதைப் பொத்திக்கொள்வார். பிறகு பொத்துவதை விட்டார். பிறகு ஒரு மதியம், தட்டை நான் எடுக்கும்போது, “நான் எப்பம்மா விட்டேன்?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஆட்டுக்குட்டி உங்களை நிமிர்ந்து பார்த்தது மாஸ்டர், அன்றைக்கே விட்டீர்கள் என்று சொன்னேன். அந்த ஆட்டுக்குட்டி அப்போதுதான் எனக்கே தோன்றியது. ஆனால் சில நாளில் அதன் நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததாக அவரே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

கட்டுரையை மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் மனிதரைக் கட்டுரைக்குத் தக்கபடி கொஞ்சம் திருத்தினேன். அவ்வளவுதான்.

பிறகு தைரியமாகத் தொலைக்காட்சிக்காரர்களை வரச் சொன்னேன். மாஸ்டருக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். நன்றாக மெலிந்து ஞானிபோல இருந்தார். ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லும்போது கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் வழிந்தது. படம் பிடித்த பையன்கூடச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவருடைய பழைய வறுவல் ஒன்றைப் பற்றிப் பேட்டி எடுத்த பெண் கேட்டபோது, “நானா சமைச்சேன்?” என்று என்னைப் பார்த்தார். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக, இன்றைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று அவள் கேட்டாள். மாஸ்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“சின்னவன் வந்தான்னா, உள்ள விடச் சொல்லுங்க.”

அந்தப் பெண் நெகிழ்ந்துபோனாள். ‘இளையவர்களை உள்ளே விடுங்கள்: மாஸ்டரின் அறைகூவல்’ என்றே நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைத்தார்கள். எனக்கும் அது அழகாகப் பட்டது. கட்டுரையில் ‘பொன்மொழி’ என்று ஒரு பகுதி திறந்து சேர்த்தேன். பழைய இணைப்பிதழை எடுத்துவிட்டு, மாஸ்டரே சொன்னதைச் சான்றாகக் கொடுத்தேன். இப்போது அந்த வரியில் எந்த ஓட்டையும் இல்லை. ஒரு கலைக்களஞ்சியத் தொகுப்பாளருக்கு அதைவிட மனநிறைவு கிடையாது.

ஆனால் சின்னவர் தம் கடையில் மதியக் கூட்டத்துக்கு நடுவே அதைப் பார்த்திருக்கிறார். அறைகூவலாக அவருக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். நான் அன்று ரத்ததான முகாமில் படுத்திருந்தேன். பூட்டை உடைத்துவிட்டார். முகாமில் கொடுத்த பழச்சாறோடு நான் வந்து பார்த்தபோது, மாஸ்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார். மாஸ்டர் அரைக் கண்ணைத் திறந்து, “சூப்பு எங்கடா?” என்று அவரிடம் முனகிக்கொண்டிருந்தார். சின்னவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மாத்திரையை நிறுத்தியதும் ஆஸ்பத்திரியில் மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறார் என்கிறீர்கள். மகள் பறந்து வந்துவிட்டாள், என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாள். சந்தோஷம்தான், அப்பாவைப் பார்க்க இத்தனை நாளாக அவளுக்கு நேரமில்லாமல் இருந்தது. கலைக்களஞ்சியத்தில் தூண்டிலின் முடக்கத்தை நீக்கிவிட்டார்கள். அந்த வரியை அவர் அழித்துவிட்டார், பொன்மொழியையும் சேர்த்து. அதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

சாவியை என்னிடம் வைத்துக்கொண்டது நான். பூட்டியது நான். சின்னவரைத் திருப்பி அனுப்பியதும், டாக்டரிடம் அப்படிச் சொன்னதும், கஞ்சியில் கூடுதலாகக் கலந்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இரண்டாம் பத்தியில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது, அதை மட்டும் சேர்த்துவிடுகிறேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டைக் கொட்டிலில் அடைத்து, நமக்குத் தோன்றியதைத் தீனியாகப் போட்டு, நமக்கு வேண்டியதைக் கறந்துகொள்வது பாவம் என்று மேடைக்கு மேடை பேசினீர்களே, மாஸ்டரைப் பார்க்கும்போது ஒரு நாள்கூட அது நினைவுக்கு வரவில்லையா என்றீர்கள். இரண்டையும் எப்படி ஒன்றாகப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை, மேடம். மாடு வாயில்லா ஜீவன். மாஸ்டருக்கு வாய் இருந்தது. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே கதவைத் திறந்துவிட்டிருப்பேன்.